ஒற்றனுக்கு பெண்பால் என்ன? ஸ்பை கதைப் பெண்கள் பத்தி ஒரு ஆரம்பப் பாடம்

ஒற்றனுக்கு பெண்பால் சொல்லுங்க பாப்போம். தோழன் தோழி, தலைவன் தலைவி, அந்தக் கணக்குல போனா ஒற்றன் ஒற்றின்னு வரணும், ஆனா ஒற்றின்னு சொன்னா நமக்கு மொத்தமா காசைக் குடுத்துட்டு வாடகை இல்லாம ஒத்தி வீட்டுல குடியிருக்கிறதுதான் ஞாபகம் வரும். அதனால "பெண் உளவாளி"ன்னு முன்னாடி ஒரு பெண்ணை ஒட்டவச்சு சமாளிச்சுக்கிறோம். வள்ளுவர் இந்த வம்புக்கே போகல. ஒற்றாடல்னு 59வது அதிகாரம், பத்து குறள், அதுல எங்கயும் ஒற்றன்னு ஒரு ஆம்பளையைக் கூப்பிடவே இல்ல, ஒற்று, ஒற்றுன்னு அஃறிணையில அது இதுன்னுதான் பேசுறார். அதுல ஒண்ணு:

கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.

பாக்குறவனுக்கு சந்தேகமே வராத உருவம் இருக்கணும், யாராவது முறைச்சுப் பாத்தாலும் கண்ணு அஞ்சக்கூடாது, என்ன ஆனாலும் உள்ள இருக்கிறது வெளிய சிந்தக்கூடாது. மூணு விஷயம், அவ்ளோதான். இந்த கடாஅ உருவுக்குத்தான் இப்ப ஸ்பை கதைகள்ல கவர்னு பேரு. அடுத்த குறள்லயே துறந்தார் வேஷம் போட்டு போய் விசாரிக்கிறதைப் பத்தி வேற சொல்றார், அது பக்கா கவர்.

ஸ்பை கதைகள் படிக்கவோ பாக்கவோ புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த ஒரு விஷயம் புரிஞ்சா போதும், மிச்சம் தானா புரியும். நல்ல உளவாளின்னா யாரும் ஞாபகம் வச்சுக்கக்கூடாது. நல்ல கதாபாத்திரம்னா ஞாபகம் இருந்தே ஆகணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். எழுதுறவன் இதை எப்படி சமாளிக்கிறான்ங்கிறதுதான் விளையாட்டே. ஆம்பளை ஸ்பைக்கு சமாளிக்கிறது சுலபம், கோட்டு சூட்டு, கார், துப்பாக்கின்னு குடுத்துட்டா முடிஞ்சுது, லாஜிக்கை யாரும் கேக்க மாட்டாங்க. பொம்பளைக்கு வரும்போது ரொம்ப நாளா ஒரே ஒரு குறுக்கு வழிதான் இருந்துச்சு: அழகு. எல்லாரும் அவளைப் பாப்பாங்க, ஆனா அவ என்ன பண்றான்னு எவனும் பாக்க மாட்டான்.

இந்த குறுக்கு வழிக்கு பிள்ளையார் சுழி போட்ட பேரு மாத்தா ஹாரி. நிஜப் பேரு மார்கரீத்தா செல்லே, 1876-ல நெதர்லாந்துல பிறந்தவங்க, டச்சு ராணுவ அதிகாரியைக் கட்டிக்கிட்டு ஜாவா பக்கம் கொஞ்ச வருஷம் இருந்துட்டு, கல்யாணம் முறிஞ்சதும் பாரிசுக்குப் போய் தன்னை இந்தியக் கோயில்ல வளர்ந்து சிவனுக்கு முன்னாடி ஆடுனவன்னு சொல்லிக்கிட்டு மேடை ஏறுனாங்க. மலேசியா சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டதும் சிரிப்பு வரும், மலாய்ல மாத்தாஹாரின்னா வெறும் சூரியன். முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்கு உளவு பாத்தாங்கன்னு பிரான்ஸ் பிடிச்சு 1917 அக்டோபர் 15-ஆம் தேதி வின்சென்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அவங்க உருப்படியா எந்த ரகசியத்தைக் குடுத்தாங்கன்னு இன்னைக்கும் வரலாற்று ஆளுங்க சண்டை போட்டுக்கிறாங்க, நிறைய பேர் சொல்றது பெருசா ஒண்ணும் இல்லைன்னுதான். ஆனா கதைக்கு அது எதுக்கு, 1931-ல கிரெட்டா கார்போ நடிச்சு படமே வந்துருச்சு. அதுக்கப்புறம் எந்த ஸ்பை கதையில ஒரு பொண்ணு வந்தாலும் அவ முதுகுக்குப் பின்னாடி மாத்தா ஹாரி நிழல் இருக்கும்.

ஹனி ட்ராப்னு அடிக்கடி நியூஸ்ல கேப்பீங்க. காதலையோ படுக்கையையோ காட்டி ஒருத்தரை மடக்கி ரகசியத்தைக் கறக்குறது. கதைகள்ல இதை வச்சு ஆயிரம் பொண்ணுங்க வந்துட்டு போயிருக்காங்க, பாதிப் பேரோட பேரு கூட படம் முடிஞ்சு வண்டியை எடுக்கிறதுக்குள்ள மறந்துரும். ஏன் சில பேரு மட்டும் நிக்கிறாங்க? நான் வச்சிருக்கிற டெஸ்ட் ரொம்ப சிம்பிள். எப்படியும் ஒரு இடத்துல அந்த கவர் கழண்டு விழும், விழுந்ததும் அடியில ஒரு ஆளு இருக்கா, இல்ல காலி டப்பாவான்னு பாருங்க. ஆளு இருந்தா அவ உங்க கூடயே வீட்டுக்கு வந்துருவா.

இதுக்கு நான் பாத்ததுலயே சரியான உதாரணம் 1946-ல ஹிட்ச்காக் எடுத்த நொட்டோரியஸ். கருப்பு வெள்ளைப் படம்னு ஒதுக்கிடாதீங்க ப்ளீஸ். (இங்கேந்து கதை எல்லாம் உடைச்சுத்தான் சொல்லப் போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.) இங்க்ரிட் பெர்க்மன் நடிச்ச அலீசியாவோட அப்பா நாஜி உளவாளின்னு அமெரிக்கக் கோர்ட்ல தண்டனை வாங்குனவர், அந்தக் கறை பொண்ணு மேலயும் ஒட்டிக்கிச்சு, ஊரு அவளைப் பத்தி என்னென்னமோ பேசுது, அவளும் குடிச்சுக்கிட்டு கிடக்குறா. டெவ்லின்னு ஒரு அமெரிக்க ஏஜென்ட் வந்து ரியோ டி ஜெனிரோவுல ஒரு நாஜி கும்பல் இருக்கு, அதுல செபாஸ்டியன்ங்கிறவன் ஒரு காலத்துல உன் மேல ஆசைப்பட்டவன், நீ போய் அவன்கிட்ட பழகுன்னு வேலை குடுக்குறான். நடுவுல இவங்க ரெண்டு பேருக்குள்ளயும் காதல் வந்துருது. செபாஸ்டியன் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதும் அலீசியா நேரா ஆபீசுக்கே வந்து பெரிய ஆளுங்க முன்னாடி சொல்றா, அவ கண்ணு மட்டும் டெவ்லின் மேலயே இருக்கு, வேண்டாம்னு அவன் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அவன் வாயே திறக்கல. அவ போய் அந்த ஆளைக் கட்டிக்கிட்டா.

இப்ப அந்த சாவி சீன். வீட்டுல ஒயின் வைக்கிற நிலவறைக்கு மட்டும் சாவி புருஷன்கிட்ட இருக்கு, அதுல யூனிகான்னு பேர் பொறிச்சிருக்கும். பார்ட்டி அன்னைக்கு அவன் உள் ரூம்ல இருக்கும்போது கொத்துலேந்து அதை மட்டும் உருவி எடுத்து கையில மூடிக்கிட்டு நிக்கிறா, அவன் வந்து அன்பா அவ ரெண்டு கையையும் பிடிக்கிறான். ஒரு கையை விரிச்சு உள்ளங்கையில முத்தம் குடுக்குறான். அடுத்த கையை விரிக்கப் போறான், அதுலதான் சாவி. டக்குன்னு அவன் கழுத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு சாவியை முதுகுக்குப் பின்னாடி தரையில விட்டு கால்ல தள்ளி விடுறா. சண்டை இல்ல, துப்பாக்கி இல்ல, ஒரு புருஷன் ஒரு பொண்டாட்டி ஒரு சாவி, அதுக்கே நமக்கு வேர்த்துரும். அதுக்கப்புறம் பார்ட்டியில கேமரா மாடி உயரத்துலேந்து அந்த பெரிய ஹாலை மொத்தமா காட்டி, கீழ இறங்கி இறங்கி கடைசியில அவ விரலுக்கு நடுவுல இருக்கிற அந்த சாவியில வந்து நிக்கும். ஹால் முழுக்க ஜனம், யாருக்கும் சந்தேகம் இல்ல. வள்ளுவர் சொன்ன கடாஅ உருவை அப்படியே படம் பிடிச்சு வச்ச மாதிரி. இன்னொரு பக்கம் ஐஸ்ல வச்ச ஷாம்பெயின் பாட்டில் ஒண்ணொண்ணா குறையுது, தீர்ந்தா அவன் எடுக்க நிலவறைக்கு வருவான், அங்க டெவ்லினும் இவளும் இருக்காங்க. அந்த நிலவறையில இருக்கிற ஒரு ஒயின் பாட்டிலுக்குள்ள இருந்தது ஒயின் இல்ல, யுரேனியம். ஹிரோஷிமா முடிஞ்சு ஒரு வருஷத்துல வந்த படம், நினைச்சுப் பாருங்க.

கவர் எப்ப கழண்டுச்சு? காணாம போன சாவி மறுநாள் காலையில கொத்துல திரும்ப தொங்குறதை செபாஸ்டியன் பாக்குறான், அங்க. அதுலேந்து அவனும் அவன் அம்மாவும் சேர்ந்து காபியில கொஞ்சம் கொஞ்சமா விஷம் வைக்கிறாங்க. மாமியாரைப் பத்தி தனியாவே ஒரு கட்டுரை எழுதலாம், பையன் வந்து நான் ஒரு அமெரிக்க ஏஜென்ட்டைக் கட்டிக்கிட்டேன்னு கலங்கிப் போய் சொல்றான், அந்தம்மா படுக்கையில உக்காந்தபடியே நிதானமா ஒரு சிகரெட்டை எடுத்து பத்த வைக்கும். அலீசியா ஏன் நிக்கிறான்னா, ஊரு அவளை எப்படிப்பட்டவன்னு தப்பா பேசுச்சோ அதே வேஷத்தை நாட்டுக்காக போடுன்னு சொல்லி அனுப்புறாங்க, போட்டதுக்கப்புறம் நீ அப்படிப்பட்டவதானேன்னு அவளையே குத்திக் காட்டுறாங்க. அனுப்புனவனே குத்துறான். இந்த அநியாயம் படத்துல யாரும் வாய்விட்டு சொல்றது இல்ல, பெர்க்மன் மூஞ்சியில தெரியும்.

இதுக்கு ஏழு வருஷம் கழிச்சு 1953-ல இயான் ஃப்ளெமிங்கோட முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் வருது, கேசினோ ராயல். அதுல வெஸ்பர் லிண்ட். பாண்ட் கூட வேலைக்கு அனுப்புன பொண்ணு, பாண்ட் அவளைக் கட்டிக்கலாம்னு முடிவு பண்ற நேரத்துல தூக்க மாத்திரை போட்டு செத்துப் போறா, லெட்டர் எழுதி வச்சிருக்கா, தான் ரஷ்யாக்காரங்களுக்கு வேலை பாத்த டபுள் ஏஜென்ட்னு. அவளோட பழைய காதலன் ஒரு போலந்துக்காரன், அவங்க கையில மாட்டியிருந்தான், அவனை உயிரோட வச்சிருக்க இவ உளவு சொன்னா. பாண்ட் லண்டனுக்கு போன் போட்டு அவளை ஒரு கெட்ட வார்த்தையில திட்டி செத்துட்டான்னு சொல்லி முடிச்சிருவான், புத்தகமும் முடிஞ்சிரும். கல்லு மாதிரி இருக்கிற பாண்டை அப்படி ஆக்கிவிட்டவ வெஸ்பர்தான். 2006 படத்துல இவா க்ரீன் இதை அழகா பண்ணியிருப்பாங்க. அதுக்கப்புறம் வந்த பாண்ட் கேர்ள்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பேரே பாண்டோட பொண்ணுங்கன்னு இருக்கும்போது நம்ம என்னத்தை எதிர்பாக்குறது. ஒரே ஒரு விதிவிலக்கு ரோசா க்ளெப், 1963-ல வந்த ஃப்ரம் ரஷ்யா வித் லவ் படத்துல லோட்டே லென்யா நடிச்ச வில்லி, குள்ளமா கண்ணாடி போட்டுக்கிட்டு ஷூ முனையில விஷக்கத்தி வச்சிருக்கிற அம்மா. அழகுங்கிற குறுக்கு வழியே இல்லாம 60 வருஷமா ஞாபகம் இருக்காங்க.

சரி, நிஜத்துல எப்படி இருந்துச்சு? வர்ஜீனியா ஹால்னு ஒரு அமெரிக்க அம்மா. 1933-ல துருக்கியில வேட்டைக்குப் போன இடத்துல துப்பாக்கி தவறி வெடிச்சு இடது காலு முட்டிக்குக் கீழ போச்சு, மரக்கால். அதுக்கு கத்பர்ட்னு செல்லப் பேரு வேற வச்சிருந்தாங்க. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரங்களோட எஸ்ஓஇங்கிற ரகசிய அமைப்புக்காக பிரான்ஸ்ல லியோன் நகரத்துல வேலை பாத்தாங்க, நொண்டி நடக்குற பொம்பளைன்னு நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டபோ தேடுது, 1942 கடைசியில பனி மூடுன பிரனீஸ் மலையை அந்த மரக்காலோட நடந்தே தாண்டி ஸ்பெயினுக்குத் தப்பிச்சாங்க. வழியில கத்பர்ட் தொந்தரவு பண்றான்னு லண்டனுக்கு செய்தி அனுப்ப, கத்பர்ட்னா யாரோ ஆளுன்னு நினைச்சு அவனைத் தீர்த்துக்கட்டிருங்கன்னு பதில் வந்துச்சுன்னு ஒரு பிரபலமான கதை இருக்கு. 1944-ல திரும்ப பிரான்சுக்கே போனாங்க, இந்த தடவை கிராமத்துக் கிழவி வேஷம், பாவாடையை அடுக்கி கட்டிக்கிட்டு காலை இழுத்து இழுத்து நடந்தா நொண்டுறது யாருக்கும் தெரியாதுல்ல. கிழவியை எவன் திரும்பிப் பாப்பான்.

அதே எஸ்ஓஇ-ல நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வம்சம், 1939-ல குழந்தைகளுக்கு ஜாதகக் கதைகள் (புத்தரோட முற்பிறவிக் கதைகள்) புத்தகம் போட்ட பொண்ணு. 1943 ஜூன்ல ஆக்கிரமிச்ச பிரான்ஸ்ல இறங்குன ரேடியோ ஆப்பரேட்டர். இறங்குன கொஞ்ச நாள்லயே கூட இருந்த வலைப்பின்னல் மொத்தமா பிடிபட, திரும்பி வான்னு கூப்பிட்டும் வராம சூட்கேஸ்ல ரேடியோவைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா மாறி செய்தி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அக்டோபர்ல பிடிச்சுட்டாங்க, 1944 செப்டம்பர்ல டாஹவ் முகாம்ல கொன்னாங்க. இதையெல்லாம் படிச்சுட்டு சினிமாவுல பட்டுக் கவுன் போட்டு வர்ற ஸ்பையைப் பாத்தா கொஞ்சம் கடுப்பாகத்தான் செய்யும்.

கிழவியை யாரும் பாக்க மாட்டாங்கங்கிறதை கதையில சரியா பிடிச்சவர் ஜான் லெ காரே, அவரே உளவுத்துறையில வேலை பாத்தவர். 1974-ல வந்த டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை நாவல்ல கானி சாக்ஸ்னு ஒரு அம்மா வருவாங்க. ரிசர்ச் பிரிவு, ரஷ்யாக்காரங்க ஒவ்வொருத்தர் ஜாதகமும் தலைக்குள்ள இருக்கும், கம்ப்யூட்டர் மாதிரின்னு சொல்லக்கூடாது, கம்ப்யூட்டர் இவங்க மாதிரி பாசமா பேசாது. தூதரகத்துல கலாச்சார அதிகாரின்னு உக்காந்திருக்கிற பொலியாகோவ் உண்மையில பெரிய தலைன்னு இவங்க கண்டுபிடிச்சு மேல சொல்றாங்க, மேல இருக்கிறவங்க நீங்க ரொம்ப மிகைப்படுத்துறீங்க, வெளி உலகத்துக்குப் போங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆபீஸ்ல வேலை பாத்த எந்தப் பொம்பளைக்கும் இந்த சீனை விளக்க வேண்டாம். அப்புறம் உளவுத்துறைக்குள்ளயே இருக்கிற துரோகியைத் தேடுற கதாநாயகன் ஸ்மைலி ஆக்ஸ்ஃபர்டுக்கு இவங்களைத் தேடிப் போறார், நாயும் குடியும் பழைய ஞாபகமுமா இருக்காங்க. மொத்த மர்மத்துக்கும் சாவி இந்த அம்மாகிட்டதான் இருந்துச்சு. பிரிட்டனோட உள்நாட்டு உளவுத்துறை எம்ஐ5-ல கம்யூனிச விவகாரங்கள்ல கரை கண்ட மிலிசென்ட் பேகட்ங்கிறவங்களை வச்சுதான் இந்தப் பாத்திரம்னு சொல்லுவாங்க, பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ள இருந்துக்கிட்டே ரஷ்யாவுக்கு வேலை பாத்த கிம் ஃபில்பி மேல அவங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சாம்.

ஃபைல் ரூம்லேந்து பெரிய நாற்காலிக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. 1992-ல எம்ஐ5-க்கு ஸ்டெல்லா ரிமிங்டன் தலைவர் ஆனாங்க, 1995 கோல்டன்ஐ படத்துல ஜூடி டென்ச் பாண்டோட மேலதிகாரி எம் ஆகி உக்காந்து முதல் சந்திப்புலயே பாண்டை நீ ஒரு பழைய டைனோசர்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. பாண்ட் வேலை பாக்குறதா கதையில வர்ற வெளிநாட்டு உளவுத்துறை, அந்த நிஜ எம்ஐ6-க்கு 2025 அக்டோபர்லதான் முதல் பெண் தலைவர் வந்தாங்க, அங்க அந்தப் பதவிக்கு எம் இல்ல, சி. வந்தவங்க பேரு ப்ளெய்ஸ் மெட்ரவேலி, அதுக்கு முன்னாடி தொழில்நுட்பப் பிரிவு தலைவரா க்யூவா இருந்தவங்க. (நம்ம ஊர்ல இதெல்லாம் பெரிய அதிசயம் இல்லைங்க. பொன்னியின் செல்வன்ல பழையாறைல உக்காந்துக்கிட்டு ஓலை குடுத்து வந்தியத்தேவனை இலங்கைக்கு அனுப்புறது யாரு? குந்தவைதான் எம். அந்தப் பக்கம் நந்தினி தனி டிபார்ட்மென்ட்.)

ப்ளெய்ஸ்ங்கிற பேரைக் கேட்டதும் சில பேரு நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க, தெரியும். காமிக்ஸ் நாயகி மாடஸ்டி ப்ளெய்ஸ். 1984-ல லயன் காமிக்ஸ் முதல் இதழே கத்தி முனையில் மாடஸ்டிதான், சிவகாசி அச்சுல வந்த அந்த சின்ன சைஸ் புக் எங்க பெரியம்மா வீட்டுப் பரண்ல அட்டை கிழிஞ்சு கிடந்துச்சு, நான் பாத்த முதல் ஸ்பை பொண்ணு அவதான். அவளோட கூட்டாளி கார்வின் அவளை இளவரசின்னு கூப்பிடுவான், அதனால காமிக்ஸ் ஆளுங்க எல்லாருக்கும் அவ இன்னைக்கும் இளவரசி. மூலம் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பேப்பர்ல 1963 மே மாசம் ஆரம்பிச்சு 2001 வரைக்கும் தினமும் வந்த ஸ்ட்ரிப், எழுதுனவர் பீட்டர் ஓ'டானல், முதல்ல வரைஞ்சவர் ஜிம் ஹோல்டவே.

இவ எங்கேந்து வந்தான்னு ஓ'டானலே சொல்லியிருக்கார். 1942, ஈரான் வடக்குல ஓடைப் பக்கம் அவரோட சின்ன ராணுவக் குழு தங்கியிருக்கு, போர்ல வீடு வாசல் இழந்து அகதிகள் தெற்கே போய்க்கிட்டே இருக்காங்க. ஒரு சின்னப் பொண்ணு, தனியா வருது. கூட யாரும் இல்ல. கழுத்துல கயிறுல ஒரு மரத்துண்டு, முனையில ஆணியை கம்பியால கட்டியிருக்கு, அதுதான் ஆயுதம். சாப்பாடு குடுத்தாங்க, கொஞ்சம் தள்ளி உக்காந்து சாப்பிட்டுச்சு, பாத்திரத்தைக் கழுவிக் குடுத்துச்சு, போகும்போது ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு ராணி மாதிரி நடந்து போச்சாம். இருபது வருஷம் கழிச்சு ஒரு கதாநாயகி வேணும்னு கேட்டதும் அந்த நடை ஞாபகம் வந்திருக்கு. அதனாலதான் மாடஸ்டிக்கு கவர் தேவைப்படல. முகாம்ல வளந்தா, கிழட்டு ப்ரொஃபசர் ஒருத்தர்கிட்ட பாடம் கத்துக்கிட்டா, டான்ஜியர்ல கும்பல் நடத்தி சம்பாதிச்சு இருபத்தஞ்சு வயசு வாக்குல ரிட்டயர் ஆயிட்டா, பிரிட்டிஷ் உளவுத்துறை பெரியவர் டாரன்ட் வந்து உதவி பண்ணுன்னு கேட்டாதான் வருவா. யாரும் அனுப்பி வரல. கார்வினும் அவளும் காதலர்களும் கிடையாது, கடைசி வரைக்கும் கிடையாது. அலீசியாவுக்கு கிடைக்காதது எல்லாம் இவகிட்ட இருக்கு.

நம்ம பக்கத்துல 2018 ராஸி படத்தைச் சொல்லாம விட முடியாது. 1971 போர் நேரம், சேமத்ங்கிற காஷ்மீர்ப் பொண்ணு பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளா போய் உளவு பாக்குறா, ஹரீந்தர் சிக்கா எழுதுன நாவலை வச்சு மேக்னா குல்சார் எடுத்தது. அலீசியாவோட அதே கணக்கு, கல்யாணமே கவர். ஆனா இங்க மாமியார் வீட்டுல எல்லாரும் நல்லவங்க. அதுதான் கொடுமை, வீட்டு வேலைக்காரர் அப்துலுக்கு சந்தேகம் வந்துருச்சுன்னு ஜீப்பை ஏத்திக் கொன்னுட்டு வந்து அவ நடுங்குற நடுக்கம் நாட்டுப்பற்று பாட்டு எதாலயும் அடங்காது.

கடைசியா ஹனி ட்ராப்புக்கே திரும்ப வரேன், ஏன்னா அதுல ஒரு பெரிய தப்பு நம்ம மண்டையில பதிஞ்சிருக்கு. மயக்குறது எப்பவும் பொண்ணுன்னு. கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையில மார்க்குஸ் வோல்ஃப் முப்பது வருஷத்துக்கு மேல இதைத் தலைகீழா ஓட்டுனார், நல்லா பேசத் தெரிஞ்ச ஆம்பளைங்களை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பி, பான் நகரத்து அரசாங்க ஆபீஸ்ல வேலை பாக்குற தனியா இருக்கிற செக்ரட்டரிகளை காதலிக்க வைக்கிறது. ரோமியோன்னு பேரு. அமைச்சர் மேஜைக்குப் போற எல்லா பேப்பரும் டைப் அடிக்கிறவங்க கை வழியாதானே போகுது. நிஜமாவே காதல்னு நம்பி வாழ்க்கையைத் தொலைச்சவங்க நிறைய.

அதை டிவியில கொண்டு வந்தது தி அமெரிக்கன்ஸ் சீரிஸ், 2013 முதல் 2018 வரை. எல்லாரும் அதுல சோவியத் உளவுத்துறை கேஜிபியோட ஏஜென்ட் எலிசபெத்தைத்தான் கொண்டாடுவாங்க, கேரி ரஸ்ஸல் பிரமாதம்தான், மறுக்கல. எனக்கு மார்த்தா. எஃப்பிஐ ஆபீஸ்ல செக்ரட்டரி, நல்ல பொண்ணு, க்ளார்க்னு ஒருத்தனை நம்பி கட்டிக்கிட்டு அவனுக்காக பாஸோட ரூம்ல ஒட்டுக்கேக்குற கருவி வைக்கிறா. அவளுக்கு அவன் எலிசபெத்தோட புருஷன் ஃபிலிப்னு தெரியாது, பேரு பொய், வேலை பொய், முடி கூட விக். ஒரு நாள் ராத்திரி அவ ரூம்ல அவ முன்னாடி நின்னு அவனே ஒவ்வொரு க்ளிப்பா கழட்டி அந்த விக்கை எடுக்குறான். ஒரு வார்த்தை பேசல. கவர் கழண்டு விழுறது அவனுக்கு, ஆனா நம்ம பாத்துக்கிட்டு இருக்கிறது அவ முகத்தை.

மாட்டிக்கிட்டதும் அவளை மாஸ்கோவுக்கு கடத்துறாங்க. விடியாத நேரம், ஒரு குட்டி ப்ளேன் நிக்குது, அவளுக்கு ரஷ்ய மொழியில ஒரு வார்த்தை தெரியாது, அங்க ஒரு ஆளைத் தெரியாது, அவன் கூட வரப் போறது இல்லைன்னும் தெரியும். இதுக்குள்ள அவனோட நிஜப் பேரு கூட அவளுக்குத் தெரிஞ்சாச்சு. அழல, திட்டல. "தனியா இருக்காதீங்க, க்ளார்க்"னு சொல்லிட்டு ஏறிப் போயிட்டா.